பத்தொன்பது முறை திறந்த கதவு

1

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகையாசிரியர் அழைத்து, "டாக்டர், தீபாவளி மலருக்கு ஒரு கதை கொடுங்க. ஆனா சிரிக்கிற மாதிரி இருக்கணும். உங்க நாரின் ஊர்க் குளிரையே எழுதி ஆளைக் கொல்லாதீங்க" என்றார். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் என் மனைவியின் அண்ணன் குபாத்தைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

முதல் தொடக்கம் இது:

என் மச்சான் குபாத் இருபத்தாறு வருடமாக வேன் ஓட்டுகிறார். விண்கலம் ஓட்டத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது.

இந்த வரி எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது. அதனால்தான் அடிக்காமல் விட்டிருக்கிறேன். இதற்கு அடுத்த வரியிலிருந்துதான் பிரச்சினை.

(இவர்கள் பேசுவது கிர்கிஸ். நான் மதுரைக்காரன். மருத்துவம் படிக்கக் கிர்கிஸ்தானுக்கு வந்து, இங்கேயே மணம் முடித்து, இருபது வருடமாகிவிட்டது. என் காதில் இவர்கள் பேச்சு இப்படித்தான் விழுகிறது, எழுதினாலும் இப்படித்தான் வருகிறது.)

2

குபாத்தின் மகள் பெகிமாயைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் எல்தியார். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். வருங்கால மாமனாரைக் கவர வேண்டும் என்று வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்து டிவிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான். கூடவே ஒரே ஒரு கேம். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது ஊரே பார்த்த ஓர் அறிவியல் புனைவுப் படத்தை வைத்துச் செய்தது.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கதை இதுதான். பனி மூடிய ஒரு கிரகத்தில் விண்கலம் மாட்டிக்கொள்கிறது. உள்ளே ஆறு பேர். வெளியே போன ஏழாவது ஆள் திரும்பவில்லை. பிறகு கதவு தட்டப்படுகிறது. "நான்தான், திற" என்று அந்த ஆளின் குரலே கேட்கிறது. கேப்டன் திறப்பதில்லை. அது அந்த ஆள் இல்லை, அவர் குரலைத் திருடிய ஜந்து என்று பிறகு தெரிகிறது. கேப்டன் ஆறு உயிரைக் காப்பாற்றிய வீரர். அன்றைக்கு அந்தக் காட்சியில் கொட்டகையே கைதட்டியது.

கேமில் நாம்தான் கேப்டன். தட்டும் சத்தம் கேட்டதும் திரையின் மூலையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்கள் ஓடும். எதையும் அமுக்காமல் சும்மா இருந்தால் போதும், தாண்டிவிடலாம். படத்தைப் பார்த்த எவருக்கும் இது தெரியும்.

குபாத்துக்கும் தெரியும். ஆனாலும் ஏழு வருவதற்குள் திறந்துவிடுவார். ஜந்து உள்ளே வரும், ஆறு பேரும் சாவார்கள். மறுபடி முதலிலிருந்து.

"அண்ணா, அந்தப் பிசாசுக்கு ரொட்டியும் வெண்ணெயும் எடுத்து வெச்சிருக்கியா?" என்று என் மனைவி கேட்டாள்.

"பாவம், வெளிய குளிருதுல்ல" என்றார் குபாத், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பா, அது ஜந்துப்பா. உள்ள வந்ததும் முதல்ல உன் தலையத்தான் தின்னுது."

"திங்கட்டும்டி. என் தலை, உனக்கென்ன?"

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள் பெகிமாய் என்னிடம். நான் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு, "எனக்கு இந்த கேம் எல்லாம் புரியாதும்மா" என்றேன்.

[இந்த இடத்தில் நான் ஏன் கிண்ணத்துக்குள் பார்த்தேன் என்பதை நகைச்சுவைக் கதையில் எழுதவில்லை.]

3

பிறகு நான் செய்தது எழுத்தாளர்கள் எல்லோரும் செய்யும் வேலை. குபாத்துக்கு ஓர் அழகான காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

கிர்கிஸ்களின் வீட்டு வாசலில் நின்று, "நேரமில்லை, இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லிப் பாருங்கள். உள்ளேயிருந்து ஒருவர் ரொட்டியோடு ஓடி வருவார். ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளாமல் அந்த வாசலை விட்டு நகர முடியாது. அப்பேர்ப்பட்ட மண்ணில் பிறந்த ஒரு மனிதன், கம்ப்யூட்டர் கட்டிய கதவாக இருந்தாலும், தட்டினவரை எப்படி வெளியே நிற்க வைப்பான்? இப்படி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். "பண்பாடு" என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருந்தேன். பத்திரிகையாசிரியருக்குக் கண் கலங்கியிருக்கும்.

எழுதி முடித்துப் படித்தபோது அந்தக் குபாத்தை எனக்கே பிடிக்கவில்லை. உப்பில்லாத ஆளாக இருந்தார். நிஜக் குபாத் பயணிகளிடம் கத்துவார், போலீஸ்காரரிடம் பல்லிளிப்பார், சீட்டு விளையாட்டில் கள்ளத்தனம் செய்வார். அவரைப் பிடித்து வந்து ரொட்டித் தட்டோடு வாசலில் நிறுத்தியிருந்தேன்.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. அவர் ஏன் திறக்கிறார் என்று எனக்கு முன்பே தெரியும். முதல் நாளே தெரியும்.

4

ஒரு மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். பத்தொன்பதாவது முறையாகத் திறந்து, பத்தொன்பதாவது முறையாகச் செத்து, கன்ட்ரோலரைக் கம்பளத்தின்மேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை கனிஷாய் வர்றா, மாப்ள."

கனிஷாய் எல்தியாரின் அம்மா. மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் காதில் தன் கையால் கம்மல் போட்டுவிட்டால் நிச்சயம் ஆனதாக அர்த்தம். அதற்குத்தான் வருகிறாள்.

"தெரியும் மச்சான்."

"கம்மல் போட்டதுக்கு அப்புறம் சொன்னேன்னா நான் ஏமாத்துக்காரன். அதுக்கு முன்னாடி சொன்னேன்னா பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்தவன். சொல்லாமயே இருந்தேன்னா..." கன்ட்ரோலரைக் காலால் தள்ளினார். "இதோ, இதைத்தான் ஆடிட்டு இருப்பேன்."

வாசகருக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம், கணவாயில் குபாத்தின் வேன் பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. பகல்தான், ஆனால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. உள்ளே பதினோரு பேர், அதில் ஒன்று பிறந்து ஆறு நாளான குழந்தை. டீசல் தீர்ந்துகொண்டிருந்ததால் இஞ்சினை அணைத்தாகிவிட்டது. இருந்த சூடெல்லாம் மூச்சுக்காற்றின் சூடுதான். மூன்று மணி இருக்கும், டிரைவர் பக்கத்துக் கதவு தட்டப்பட்டது. பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்ததால் அங்கே யார் காதிலும் விழவில்லை. முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்டது. குபாத் கைப்பிடியில் கை வைத்தார். அப்போது முன் இருக்கையில் இருந்த ஒரு பயணி, "திறக்காதீங்க, அது காத்து. திறந்தா குழந்தைக்கு ஆகாது" என்றார். குபாத் கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை புயல் அடங்கி, பாதையை வெட்டிக்கொண்டு ஆட்கள் வந்தபோது, வேனிலிருந்து நாற்பது அடி தள்ளி சமாத் கிடந்தான். கனிஷாயின் கணவன். அவனுடைய லாரி அதற்கும் கீழே பனியில் மாட்டி நின்றிருந்தது. வேன் வரைக்கும் வந்து சேர முடியாமல் செத்துவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. இன்றுவரை அப்படித்தான் பேசுகிறது. ஜன்னலெல்லாம் உறைந்துபோய், விளக்கில்லாமல், சத்தமில்லாமல் நின்ற அந்த வேனை ஆளில்லாத வண்டி என்று அவன் நினைத்திருக்கலாம்.

குழந்தை பிழைத்தது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள், இருமல் வந்தால் என்னிடம்தான் வருவாள்.

5

மேலே "ஒரு பயணி" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அந்த வரியைத் திருத்துகிறேன்.

முன் இருக்கையில் இருந்தது நான்.

நான்கு முறை எழுதிய பிறகுதான் இது கைக்கு வந்தது. முதல் பிரதியில் அது ஒரு பள்ளி ஆசிரியர். இரண்டாவதில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். மூன்றாவதில் அந்த இருக்கையே காலி, குபாத் தானாகவே கையை எடுத்துக்கொள்கிறார். அந்த மூன்றாவது பிரதிதான் இலக்கிய ரீதியாகச் சிறந்தது. அதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன்.

டிரைவர் திறந்திருப்பார், டாக்டர் சொன்னதால் திறக்கவில்லை. குழந்தைக்கு ஆகாது என்று நான் சொன்னது பொய்யில்லை. ஒரு தடவை கதவைத் திறந்தால் அந்தக் குழந்தை செத்திருக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அது காற்று என்றேன், அது மட்டும் பொய். காற்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காற்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு வருடமாக நானும் குபாத்தும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மத்தியானம் பேசினோம்.

"நீ படிச்சவன், நீ சொன்னே, நான் கேட்டேன். இதுல உன்னைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல மாப்ள" என்றார். "ஸ்டீயரிங் என் கையில இருந்துச்சு. கதவு என் பக்கம்."

"மச்சான், நான் வந்து..."

"ஞாயித்துக்கிழமை நீ வாயைத் திறக்காதே. டாக்டர் பேரு கெட்டா ஊருக்குத்தான் நஷ்டம். ஊசி போட வேற யார் இருக்கா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது வந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

6

ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. கனிஷாய் வெள்ளைத் தலைத்துணி கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கௌரவமான மேல் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கலகலப்பான பெண். டிவிக்கு அடியில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"இதுதானா அது? ஏன் அண்ணே, மூணு வாரமா ஒரு கதவைத் தாண்ட முடியலையாமே? மலைப்பாதையில எப்படித்தான் வண்டி ஓட்டறீங்களோ!"

எல்லோரும் சிரித்தார்கள். "குடுடா இங்க" என்று மகனிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டாள். "இந்தப் படம் நானும் அவரும் கல்யாணமான புதுசுல பார்த்தது. என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டாரு, அவ்ளோ பயம்."

எல்தியார் பக்கத்தில் உட்கார்ந்து எதை எதை அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். கால் மணி நேரத்தில் அந்தக் கதவுக்கு வந்துவிட்டாள். தட்டும் சத்தம் கேட்டது. "நான்தான், திற." எண்கள் ஓடின. கனிஷாய் இரண்டு கட்டை விரலையும் மேலே தூக்கிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக் காத்திருந்தாள். மூன்று, இரண்டு, ஒன்று. வெளியே சத்தம் நின்றது. கேப்டன் பெருமூச்சு விட்டார். வீடே கைதட்டியது.

"அவ்வளவுதானே!" என்றாள். "உள்ள ஆறு பேர் இருக்காங்க. அவங்களை விட்டுட்டு எப்படித் தொறக்கறது? இதுல என்னண்ணே கஷ்டம்?"

குபாத்தின் முகத்தை நான் பார்த்தேன். அதை வர்ணிக்க ஒரு வாக்கியம் தொடங்கி

[விட்டுவிட்டேன்.]

7

கதையை இங்கே முடித்திருக்கலாம். அந்தப் பெண் தன் வாயாலேயே அவரை மன்னித்துவிட்டாள், அவளுக்கே தெரியாமல். படிப்பவர் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கும் வகை முடிவு. அப்படியே ஒரு பிரதி இருக்கிறது, மேஜையில்.*

ஆனால் எதை மன்னிக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்த மன்னிப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது திருட்டு. குபாத் சீட்டில் கள்ளத்தனம் செய்வார், இதில் செய்யவில்லை.

கனிஷாய் கைப்பையைத் திறந்து சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்தாள். "வாடி கண்ணு, கிட்ட வா" என்றாள். பெகிமாய் முடியை ஒதுக்கிக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டாள். கம்மல் இரண்டும் கனிஷாயின் உள்ளங்கையில் இருந்தன. அப்போது குபாத் எழுந்து நின்றார்.

"கனிஷாய், கொஞ்சம் பொறும்மா. அன்னிக்கு சமாத் என் வண்டி வரைக்கும் வந்தான். தட்டினான். எனக்குக் கேட்டுச்சு. நான் தொறக்கல."

அவ்வளவுதான் சொன்னார். குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. பதினோரு பேரைப் பற்றிச் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை.

நான் சொன்னேன். "தொறக்க வேணாம்னு சொன்னது நான், கனிஷாய் அக்கா. காத்துன்னு சொன்னேன்." எவ்வளவு நேரம் கழித்துச் சொன்னேன் என்பதை என் மனைவி அறிவாள். அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

எல்தியார் டிவியின் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்திவிட்டான். கனிஷாய் அழவில்லை, கத்தவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. குபாத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தனை தடவை தட்டினாரு?"

குபாத் யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு வருடமாக அந்த எண்ணை வைத்துக்கொண்டிருந்த ஆள் அவர்.

"[     ] தடவை" என்றார்.

இந்த அடைப்புக்குறி அச்சுப்பிழை இல்லை, நான்தான் நிரப்பாமல் விட்டிருக்கிறேன். ஒன்று என்று எழுதினால், ஆளில்லாத வண்டி என்று நினைத்து அவன் உடனே நகர்ந்துவிட்டான் என்று ஆகும், அவள் எப்படியாவது தூங்குவாள். பத்து என்று எழுதினால், உள்ளே ஆள் இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, கடைசிவரை நம்பித் தட்டிக்கொண்டிருந்தான் என்று ஆகும். ஒன்று என்று எழுத எனக்கு மிகவும் ஆசை. அவளுக்காகத்தான் அந்த ஆசை என்று சொல்லிக்கொள்கிறேன், முழுதும் நம்பவில்லை.

பெகிமாய் இன்னும் மண்டியிட்டுத்தான் இருக்கிறாள். கனிஷாயின் உள்ளங்கை விரிந்தபடி இருக்கிறது. பேனாவை உங்களிடம் தந்துவிடுகிறேன். எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் கனிஷாயின் முகத்தை நிமிர்ந்து பாருங்கள், பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.

____

* பத்திரிகையாசிரியருக்கு: தீபாவளி மலருக்கு இதை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் முதல் இரண்டு வரியை மட்டும் அனுப்பியிருப்பேன். அதுவரைக்கும் அது நகைச்சுவைக் கதைதான்.