பாலம் தாண்டிச் சிறுத்த பனிவண்டிகள்

சென்ற குளிர்காலத்தில் கனடாவில் வாங்கி நியூ ஜெர்சிக்குக் கொண்டுவந்த, ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டிகள் எல்லாம் எல்லைப் பாலத்தைத் தாண்டும்போது சிறுத்துப்போயின. விலை எவ்வளவு குறைவோ அவ்வளவு சிறுத்தன. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. முதலில் சிறுத்தது எடிசன் நகரத்து சுவாமிநாதனின் வண்டி. பாலத்தின் அந்தக் கோடியில் ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டியபோது அதில் இரண்டு பேர் தாராளமாகக் கால் நீட்டி உட்காரலாம். இந்தக் கோடிக்கு வந்தபோது கட்டிய பட்டைகள் தொளதொளவென்று தொங்க, நடுவே முக்கால் அளவில் நின்றது. சுங்க அதிகாரி வண்டி வாங்கிய ரசீதைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கொடுத்த விலைக்கு வண்டி சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தார். சுவாமிநாதனுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து கார்கள் காத்திருந்தன.

இந்த விவகாரத்தில் உண்மையாக அடி வாங்கியவர் நஞ்சுண்டன். கோபிசெட்டிபாளையத்துக்காரர். எடிசனில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இருபது வருடம் சாஃப்ட்வேர் எழுதியவர். ஒரு வாரக்கடைசியில் ஆபீஸ்காரர்களோடு வடக்கே போய்ப் பனிவண்டி ஓட்டினார். திங்கட்கிழமை வேலைக்குப் போனார், ஆனால் மனது திரும்பி வரவில்லை. நியூ ஜெர்சியின் வடகோடியில், சசெக்ஸ் கவுன்டியில் பனிவண்டிக் கடை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கடையை விற்றுவிட்டு ஃப்ளோரிடா போவதாகக் கேள்விப்பட்டதும், எடிசன் வீட்டை விற்று, ஓய்வுகாலத்துக்குச் சேர்த்த 401கே பணத்தை உடைத்து, கடையை வாங்கிவிட்டார். கிரீன் கார்டு வந்த சந்தோஷத்தில் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் மொட்டை போடுவார்கள். பனிவண்டிக் கடை வைத்தவர் இவர் ஒருவர்தான். மனைவி வசந்தாமணி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் ஷோரூமின் மூலையில் ஃபில்டரும் அடுப்பும் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுக்க ஆரம்பித்தார். இனி இதுதான் சோறு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கடை போனால் இருவருக்கும் திரும்பிப் போக வீடும் கிடையாது.

முதலிரண்டு வருடம் வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள். பிறகு அவர்களும் கனடா விலையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் எடிசன் தமிழர்களுக்குப் பனிவண்டி ஆசை வந்தது. நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் கூரையில் சோலார் போட்டால் போதும், அடுத்த கோடைக்குள் தெருவே போட்டுவிடும். நஞ்சுண்டன் மகிழ்ந்துபோனார். நம்ம ஜனம், நம்மகிட்டத்தான வருவாங்க என்று வசந்தாமணியிடம் சொன்னார். வந்தார்கள், வரவில்லை என்று சொல்ல முடியாது. குடும்பத்தோடு வந்தார்கள், காபி குடித்தார்கள், இன்னொரு காபி குடித்தார்கள், எஞ்சின், சஸ்பென்ஷன், இன்சூரன்ஸ், எல்லாவற்றையும் அவரிடம் பாடமாகக் கேட்டார்கள், பின்புறத்து வயலில் டெஸ்ட் டிரைவ் பண்ணினார்கள், வண்டியின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள். பிறகு "யோசிச்சுச் சொல்றோம்" என்று கிளம்பிப்போய், கனடா டாலரை அமெரிக்க டாலராக்கி, அதை ரூபாயாக்கி, மிச்சமாகும் ரூபாயில் ஊரில் என்ன வாங்கலாம் என்று கணக்குப் போட்டு, விடியற்காலையில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் வடக்கே ஓட்டினார்கள். நட்பு வேறு, டீல் வேறு என்பது எடிசனின் எழுதாத சட்டம். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நஞ்சுண்டன் வியாபாரம் என்று விட்டிருப்பார். இருபது வருடம் ஒன்றாக இட்லி தின்றவர்கள் செய்தது அவருக்கு நெஞ்சில் குத்தியது. வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. அதனால் இன்னும் ஆழமாகக் குத்தியது.

சிறுத்த வண்டியை சுவாமிநாதன் நேராக நஞ்சுண்டன் கடைக்கே கொண்டுவந்தார். அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

"நஞ்சுண்டன், நீங்களே பாருங்கோ. இது கிளியரா மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட். வாரன்டில க்ளெய்ம் பண்ணிக் குடுத்துடுங்கோ."

நஞ்சுண்டன் டேப் வைத்து அளந்தார். நீளத்தில் கால் பங்கு குறைவு, அகலத்தில் கால் பங்கு குறைவு. சுவாமிநாதன் கொடுத்த விலையும் இங்கத்து விலையில் கால் பங்கு குறைவு. "இதுல டிஃபெக்ட் ஒண்ணுமில்லீங்க. நீங்க குடுத்த காசுக்கு வண்டி இருக்குதுங்க. அப்புறம், வாரன்டி பார்டர் தாண்டி வராதுங்களே. கம்பெனி ரூல் அதுங்க" என்றார். சொல்லிவிட்டுக் காபி கொடுத்தார். சுவாமிநாதன் குடித்துவிட்டுப் போனார்.

அந்த மாதத்துக்குள் கனடாவில் வாங்கிய எல்லா வண்டியும் சிறுத்துவிட்டது. மெக்கானிக்கலாக ஒரு குறையும் இல்லை. பெட்ரோல்கூடக் கால் பங்கு குறைவாகத்தான் குடித்தது. எடிசன்காரர்கள் இரண்டு வாரம் ஆச்சரியப்பட்டார்கள், மூன்றாவது வாரம் ஸ்ப்ரெட்ஷீட் போட்டார்கள். வண்டிகளின் அளவு எக்ஸ்சேஞ்ச் ரேட்டோடு ஏறி இறங்குவது தெரியவந்தது. கனடா டாலர் ஏறினால் வண்டி கொஞ்சம் உப்பும், இறங்கினால் வற்றும். ஊருக்குப் பணம் அனுப்பத் தினமும் காலையில் ரூபாய் ரேட் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. அடுத்த வரியில் கனடா ரேட்டையும் பார்த்துக்கொண்டார்கள். செழியன் என்பவர் மட்டும், இப்போது யாரும் பதறி விற்க வேண்டாம், லாங் டெர்ம் ஹோல்ட் பண்ணினால் வண்டி பழைய அளவுக்கு வந்துவிடும் என்று வாட்ஸப் குழுவில் அறிவுரை சொன்னார். சுவாமிநாதன் தன் வண்டியைப் பன்னிரண்டு வயது மகள் அதிதியிடம் கொடுத்துவிட்டார். ஒரே ஒருமுறை, தமிழ்ச் சங்கத்துப் பிக்னிக்கில், தானே ஏறி ஓட்டிப்பார்த்தார். முழங்கால் இரண்டும் காதருகே நின்றன. "அப்பா, யூ லுக் லைக் எ சர்க்கஸ் பேர்" என்றான் மகன் சுஹாஸ். சர்க்கஸ் கரடியைப் பார்த்து மொத்தப் பிக்னிக்கும் சிரித்தது, மனைவி ருக்மிணி உட்பட.

இதற்கு நேரெதிராக, இங்கே வாங்கி அங்கே கொண்டுபோன வண்டி பெருத்தது. கனடாவின் கிங்ஸ்டன் பக்கத்து யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கல்யாணத்துக்கு நியூ ஜெர்சி வந்த இடத்தில், விலை விசாரிக்கத் தெரியாத அப்பாவியாக, நஞ்சுண்டனிடம் முழு விலைக்கு ஒரு வண்டி வாங்கிப் போனார். பாலத்தின் நடுவில் ட்ரெய்லரின் டயர்கள் வெடித்தன. வீடு போய்ச் சேர்ந்தபோது அந்த வண்டியில் மாமியார், மச்சான்கள், மீன் பிடிக்கும் சாமான், சோற்றுப் பானை எல்லாம் ஏறின. உறைந்த ஏரியில் அந்தக் குடும்பம் ஒரே வண்டியில் போவதைப் பார்த்த மற்றவர்கள் அடுத்த சனிக்கிழமையே பெரிய ட்ரெய்லர்களோடு தெற்கே இறங்கிவிட்டார்கள். நஞ்சுண்டனின் ஷோரூம் பாதி காலியானது. வடக்கிலிருந்து ஒரு போன் வந்தது.

"அண்ணை, நான் பரராஜசிங்கம் கதைக்கிறன். பாலத்துக்கு இஞ்சால பனிவண்டிக் கடை வச்சிருக்கிறன். உங்கட வண்டியள் இஞ்ச வந்து பஸ் மாதிரி நிக்குது. என்ர வண்டியள ஆரும் திரும்பியும் பாக்கினமில்லை. இப்ப நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

"நானும் இத்தன நாளா அதையேதானுங்க கேட்டுட்டு இருந்தேன்" என்றார் நஞ்சுண்டன். இரண்டு டீலர்களும் அரைமணி நேரம் பேசினார்கள். வாங்காமல் காபி மட்டும் குடித்துப் போகிறவர்கள் இரண்டு நாட்டிலும் உண்டு என்று தெரிந்து இருவருக்கும் மனது லேசானது.

ஆனால் பிப்ரவரியில் கம்பெனியின் வட்டார மேனேஜர் வந்தார். பெருப்பது, சிறுப்பது பற்றி அவருக்கு அக்கறை இல்லை. அவருடைய வட்டாரம் பாலத்தோடு முடிந்துவிடுகிறது. எல்லைக்கு அப்பால் போன வண்டிகள் கணக்கில் சேராது என்றார். இந்தக் குளிர்காலத்தில் உள்ளூருக்கு எத்தனை விற்றீர்கள் என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றார் நஞ்சுண்டன். மார்ச் முடிவதற்குள் நியூ ஜெர்சி முகவரிக்கு ஒரே ஒரு வண்டியாவது போயிருக்க வேண்டும், இல்லையென்றால் டீலர்ஷிப் ரத்து, போர்டை இறக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டு, காபி நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றே ஒன்று. கேட்பவர்கள் சிரிப்பார்கள். வசந்தாமணி சிரிக்கவில்லை. "ஏனுங்க, நம்ம பேர்லயே ஒண்ணு எழுதிக்கலாமா?" என்றார். டீலர் தனக்கே விற்றுக்கொள்ளக் கூடாது என்பதும் ரூல். "அப்ப அந்தச் சாமிநாதன்கிட்டயாவது வாயத் தொறந்து கேளுங்களேன். எத்தன காபி குடிச்சிருக்காரு!" நஞ்சுண்டன் கேட்க மாட்டார். கேட்டு வாங்குவதற்குப் பெயர் வியாபாரம் இல்லை என்பது அவருடைய வீம்பு. மார்ச் மாதம் முழுக்க எடிசன்காரர்கள் வழக்கம்போல் வந்துபோனார்கள். காபி நிற்கவில்லை, ஆனால் டம்ளர் சிறுத்தது. அது மாயமில்லை, வசந்தாமணியே எடிசன் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய்ச் சின்ன டம்ளராகப் பார்த்து வாங்கி வந்திருந்தார்.

இதற்கிடையில் வடக்கே பரராஜசிங்கம், வேறு வழியில்லாமல், இருக்கிற வண்டிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதாக போர்டு வைத்தார். அவர் போர்டு வைத்த அதே காலையில், எடிசனில் கராஜ் கராஜாக நின்ற வண்டிகள் எல்லாம் பாதியாகச் சுருங்கின. செழியன் வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறினார். அதிதி ஹெல்மெட்டோடு கராஜுக்குப் போனவள் வண்டியில் கால் நுழையாமல் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். "தட்ஸ் நாட் ஃபேர், அப்பா! ஐ ஜஸ்ட் வான்ட் எ ரியல் ஒன்!" சுவாமிநாதன் ரேட் திரும்ப ஏறும் என்று ஆரம்பித்தார். ருக்மிணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றார்.

"ஏன்னா, வெக்கமா இல்லையா உங்களுக்கு? அந்த மனுஷன் கடையில வருஷம் பூரா காபி குடிச்சோம். அவர் கத்துக்குடுத்துத்தான் உங்களுக்கு வண்டின்னா என்னன்னே தெரியும். நாளைக்குக் கம்பெனிக்காரா போர்டை இறக்கப்போறாளாம், வசந்தாமணி போன்ல சொல்லிட்டு அழறா. நீங்க இன்னும் ரேட் பாத்துண்டு உக்காந்திருக்கேள்!"

சுவாமிநாதன் கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்கிறவர், அவ்வளவுதான். அன்று ராத்திரி அவர் சாப்பாடு இறங்காமல் எழுந்ததாக ருக்மிணியே பின்னால் சொன்னார். மார்ச் கடைசி நாள் காலையில் குடும்பத்தோடு சசெக்ஸ் போனார். கடை வாசலில் வட்டார மேனேஜர் ஏணியோடு வந்த இரண்டு ஆட்களை நிறுத்தி வைத்திருந்தார். சுவாமிநாதன் நேராக உள்ளே போய், இருப்பதில் நல்ல வண்டி ஒன்றைக் காட்டி, இது வேண்டும் என்றார். நஞ்சுண்டனுக்கு முதலில் புரியவில்லை. டெஸ்ட் டிரைவுக்குச் சாவியை எடுத்துக் கொடுத்தார். வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் பில் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தார். சந்தோஷத்தில் கொங்குநாட்டு மனது முந்திக்கொண்டது.

"நீங்க வந்ததே பெரிசுங்க. உங்களுக்குப் போயி முழு வெல போடுவனா? ஒரு ஐநூறு கொறச்சுப் போட்டுக்கறனுங்க."

சுவாமிநாதன் அலறிவிட்டார். "கொறைக்காதீங்கோ!" ஷோரூம் முழுக்கத் திரும்பியது. அவர் ஓடிப்போய் வண்டியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "ப்ளீஸ் நஞ்சுண்டன், ஒரு டாலர்கூடக் கொறைக்காதீங்கோ. போட்ட வெலையே இருக்கட்டும். வேணும்னா மேல ஒரு நூறு சேத்து வாங்கிக்கோங்கோ, கொழந்தை வளர்ற கொழந்தை!"

நஞ்சுண்டன் பேனாவைக் கீழே வைத்தார். கடை வைத்த நாளிலிருந்து ஒருவர்கூட அவரிடம் சொல்லாத சொல் அது. "சேக்க வேண்டாமுங்க, போட்ட வெலையே போதுமுங்க" என்று சொல்லும்போதே அவர் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். வசந்தாமணியும் அழுதார். ருக்மிணி, நாங்கதான் மன்னிப்புக் கேக்கணும் என்று வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். வட்டார மேனேஜர் எடிசன் முகவரியை இரண்டு முறை படித்துப் பார்த்து, ஆட்களிடம் ஏணியை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

வண்டி எடிசன் வந்து சேர்ந்ததும் அக்கம்பக்கத்தார் டேப்போடு வந்து அளந்தார்கள். ஓர் அங்குலம் குறையவில்லை. இந்தக் குளிர்காலத்திலும் பாலத்தில் வண்டிகள் சிறுக்கின்றன, பெருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் பெரிய ட்ரெய்லரும், இந்தப் பக்கம் வருகிறவர்கள் இறுக்கிக் கட்ட உபரிப் பட்டையும் எடுத்துப் போகிறார்கள். யாரும் அதை ஒரு பேச்சாக எடுப்பதில்லை. சுவாமிநாதன் டிஸ்கவுன்ட் வேண்டாமென்று சொன்னார் என்பதைத்தான் ஓக் ட்ரீ ரோட்டில் இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.