நாற்பது மைல் பயணம்

நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், கான்ராய் பாப்டிஸ்டின் படகு இரண்டு நாள் மிதந்தது. பக்கத்துத் தீவான செயின்ட் லூசியாவின் மீனவர்கள் கண்டு, வியூ ஃபோர்ட் துறைக்கு இழுத்து வந்து சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சேதி கேட்டதும் அவன் மனைவியின் தம்பி மேக்ஸ்வெல், அவர்கள் தீவான செயின்ட் வின்சென்டிலிருந்து தன் படகிலேயே வந்து நின்றான்.

"ஏறு மச்சான். உன் படகையும் பின்னால கட்டிட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கலாம்."

டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. உதடும் கையும் வெடித்துக் கிடக்கிற ஆளை மறுபடி வெயிலில் கடலுக்கு அனுப்ப முடியாதாம். "உங்க அரசாங்கமே விமான டிக்கெட் எடுத்திருக்கு. நாற்பது மைல். பறக்குறது இருபது நிமிஷம். பேசாம உட்கார்ந்து போங்க."

விமான நிலைய வாசலில் நின்றால் தெற்கே அவன் ஊர் எரிமலை நீலமாகத் தெரிந்தது. அதன் வடக்குச் சரிவில்தான் அவன் வீடு. கான்ராய் சமாதானமாகி டிக்கெட்டை நீட்டினான்.

கவுண்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நேரா போற விமானம் வியாழக்கிழமைதான் ஐயா. இது பார்படோஸ் போயி, அங்க மாறிப் போகணும்."

"பார்படோஸ் கிழக்கேல்ல இருக்கு? அந்தா தெரியுது பாரும்மா என் வீட்டு மலை."

"எனக்கும் தெரியுது ஐயா. விமானம் அந்தப் பக்கம் போகலையே."

பதினொரு மணி விமானம் மூன்று மணிக்கு வந்தது. பார்படோஸில் இறங்கியபோது அடுத்த விமானம் கிளம்பிப் போயிருந்தது. இனி நாளைக் காலைதான் என்றார்கள். அவனுடைய போன் கடலோடு போயிருந்ததால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் இரவல் வாங்கி வீட்டுக்குப் பேசினான்.

"எங்க இருக்க?" என்றாள் அவன் மனைவி ஜெஸ்டினா.

"பார்படோஸ்ல."

"அங்க எதுக்குப் போன?"

"நானா போனேன்? கூட்டிட்டு வந்துட்டாங்க."

"மேக்ஸ்வெல் ஒண்ணரை மணிக்கே வந்தாச்சு. உன் படகையும் கரையில ஏத்தியாச்சு. உனக்குச் சுட்டு வச்ச சீமைப்பலாவையும் அவனே தின்னுட்டான். எஞ்சின் இல்லாம மிதந்தப்பகூட நீ வீட்டுக்கு இதைவிடக் கிட்டத்துல இருந்த, கான்ராய்."

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். தண்ணீர் தீர்ந்துபோன இரண்டாம் நாளில்கூட அவன் அழவில்லை. குளிரூட்டிய அந்தக் கூடத்தில், ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருந்தாத செருப்பைப் பார்த்தபடி இருந்தவனுக்கு ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது. போன்காரர் ஏதோ கேட்க வாயெடுத்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை மழை. விமானம் பன்னிரண்டுக்குக் கிளம்பியது. தன் தீவின் ஆர்கைல் விமான நிலையத்தில் இறங்கி, வேனுக்காக வெகுநேரம் காத்து, மலைச் சாலையில் இரண்டு மணி நேரம் குலுங்கி வீடு சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. முற்றத்தில் உட்கார்ந்திருந்த மேக்ஸ்வெல் சிரித்தபடி எழுந்தான்.

"வா மச்சான். உலகம் சுத்திட்டு..."

"வாயை மூடுடா" என்றாள் ஜெஸ்டினா.

அவள் தட்டில் பொரித்த மீனை வைத்து, முள்ளை அவளே எடுத்துக் கொடுத்தாள். கான்ராய் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தின்றான். பாதித் தட்டிலேயே, சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனான்.