நாற்பதோடு மூடும் கணினி

மணி ஒன்று அடித்தால் டாக்டர் முத்துக்கிருஷ்ணனுக்குப் பசி வந்துவிடும். அடுத்த நொடி கணினித் திரையின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்குவார். டோக்கன் புரோகிராம் மூடிக்கொள்ளும். காத்திருந்த நோயாளிகளின் பெயர்களும் அதோடு போச்சு. மறுநாள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

ஜாவா என்ற கணினி மொழியில் அதை எழுதியவள் ஆனந்தி. 2007இல் திண்டுக்கல்லில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. மூடும் முன் 'இன்னும் ஆள் இருக்கிறார்கள், மூடவா?' என்று கேட்கும்படிதான் முதலில் வைத்திருந்தாள். டாக்டருக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"நான் மூடுனா மூடிரணும்மா. கேள்வி கேட்டுச்சுன்னா, மிஷினத் தூக்கிட்டுப் போயிரு."

கேள்வியை எடுத்த அன்றுதான் வாசலில் ஜெய்தூன் பீவியைப் பார்த்தாள். கீரனூரிலிருந்து வீங்கிய காலோடு பஸ்ஸேறி வந்தவர்.

"ரெண்டு நாளா வர்றனுங்க. எம்பேரு வர்றதுக்குள்ள மூடிப்போடறாங்க," என்று டோக்கன் கொடுக்கும் அல்போன்சாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வெள்ளன வாங்கக்கா."

"நான் வர்றதே மொத பஸ்லதானுங்க."

ஆனந்திக்குச் சுருக்கென்றது. பசித்தது என்னவோ டாக்டருக்குத்தான். ஆனால் இந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்பியது தன் புரோகிராம் அல்லவா?

மூடச் சொன்னதும் ஜாவா ஒரேயடியாக அணைந்துவிடாது. கடைசி வேலை ஏதுமிருந்தால் முடித்துக்கொள்ளக் கொஞ்சம் இடம் கொடுக்கும். அந்த இடத்தில், காத்திருப்பவர்களின் பெயர்களைக் கேள்வி கேட்காமல் எழுதிவைக்கச் செய்தாள். காலையில் திறந்ததும் அவர்களை வரிசையில் முதலில் நிறுத்தச் செய்தாள். டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

மறுநாளும் நாற்பதாவது ஆளோடு மணி ஒன்றானது. ஜெய்தூன் பீவி நாற்பத்தொன்று.

அதற்கடுத்த நாள் காலை கணினியைத் திறந்த டாக்டர் ஆனந்தியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"யாரிவங்க, டோக்கன் குடுக்குமுன்னயே பேரு வந்து நிக்குது?"

"நேத்து நீங்க மூடுனப்ப மிச்சமிருந்தவங்க சார்." ஆனந்தி அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "கேள்வி எதுவும் கேக்கல சார்."

டாக்டர் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். ஒன்பது பெயர்கள். தான் எழுந்துபோன பின் வெளியே எத்தனை பேர் என்று அவர் இதுவரை பார்த்ததே இல்லை.

"இம்புட்டுப் பேரா?" என்றார். பட்டியலின் முதல் பெயருக்குத் திரும்பிப் போனார். பிறகு, "கூப்பிடும்மா," என்றார்.

டோக்கன் வரிசையின் கடைசியில் நின்ற ஜெய்தூன் பீவி, தன் பெயரைக் கேட்டும் நகரவில்லை. முன்னால் நின்ற கூட்டத்தைத் தயங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இவங்கெல்லாம் எனக்கு முன்னாடி வந்தவங்களாச்சே?"

"இல்லக்கா," என்றாள் ஆனந்தி. "நீங்க மூணு நாளைக்கு முன்னாடியே வந்துட்டீங்க."