ராஜரத்தினத்துக்கு ஓர் இலை

"நம்ம வம்சாவளியை ஒரு படமாப் போட்டுக் குடுக்கா" என்று அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு கேட்பது தம்பி அஸ்வினுக்குச் சுலபம். வாரம் முழுக்கத் தரமணி ஆபீஸில் மாரடித்துவிட்டு, சனி ஞாயிறும் செத்துப்போன சொந்தக்காரர்களோடு மல்லுக்கட்டுவது நான்.

எங்கள் வீட்டில் முதல் பேரனுக்குத் தாத்தா பேர்தான். அப்பா ராஜரத்தினம், அப்பாவின் தாத்தாவும் ராஜரத்தினம். அந்தத் தாத்தா, பெண்டாட்டியைக் கைக்குழந்தையோடு தவிக்கவிட்டு எவளோடோ ஓடிப்போனவராம். "ஓடுகாலி பேரன்" என்றே அப்பாவை ஊரில் கேலி செய்வார்களாம். அந்த ஆத்திரத்தில், ஆடி அமாவாசைப் படையலில் அவருக்கு மட்டும் அப்பா இலை போட விட்டதில்லை. அஸ்வின் மகனுக்கு அந்தப் பேரை வைக்கவும் விடவில்லை.

யாருக்குப் போன் போட்டாலும் ராஜரத்தினத்தைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் எழுதினேன். கடைசியில் பார்த்தால் அந்த ஒரே மனிதருக்கு இரண்டு அப்பா! அலுத்துப்போய், தேனாம்பேட்டையில் இருக்கும் பேச்சியம்மாள் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவுக்கு அக்கா முறை, பங்காளி வீடு.

அத்தை காப்பியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"ராஜரத்தினம் ஒருத்தர் இல்ல சரண்யா, ரெண்டு பேரு. அண்ணனும் தம்பியும் அவங்க அப்பா பேரையே அவங்கவங்க தலைச்சன் பிள்ளைக்கு வச்சுட்டாங்க. உங்க வீட்டு ராஜரத்தினம் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போன இடத்துல காய்ச்சல்ல செத்தாரு. ஓடிப்போனது எங்க தாத்தா."

"இத்தனை வருஷமா ஏன் அத்தை சொல்லல?"

"உங்க தாத்தாவும் திரும்பி வரல, பேரும் ஒண்ணு, பழி உங்க வீட்டு மேல விழுந்துச்சு. நாங்க வாயைத் திறக்கல."

சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. தி.நகர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"பாவி நான், அந்த மனுஷனை இவ்வளவு காலம் பட்டினி போட்டுட்டேனே" என்றார். கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஆடி அமாவாசை.

"கூட ஒரு இலை வாங்கிட்டு வாம்மா" என்றார் அப்பா.

கால் கடுத்தது. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடியும் கூப்பிட்டார்.

"ரெண்டா வாங்கு. ஓடிப்போனவருக்கும் யாரும் போட்டிருக்க மாட்டாங்க."