பெட்டியை நோக்கி நகர்ந்த நாற்காலி

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, கத்தாதே” என்று கத்தினார், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர்.

“நான் எங்கே கத்தினேன்? மாடி வீட்டுக்காரர்தான் கத்துறார். அவர் வாசல்ல நிக்கிறதே உங்களுக்குத் தெரியலை” என்றாள் மனைவி. தெருவுக்கே அவள் டெய்லரக்கா.

வீட்டுக்குச் சொந்தக்காரரும் மாடியில் குடியிருப்பவருமான அந்த மனிதர், கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். “அண்ணே, உங்க பாட்டுக்கு எங்க வீட்டு டம்ளரெல்லாம் ஆடுது. அந்தப் பாட்டுப் பெட்டி அடங்கணும், இல்லைன்னா அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணுங்க.”

“என்னவாம்?” என்றார் டிரைவர்.

“பாட்டு பிரமாதமாம்.”

டெய்லரக்காவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. முன்னறையில்தான் தையல் மிஷின். துணி கொடுப்பவர்கள் எல்லோரும் சுற்றுவட்டத்துப் பெண்கள். வேறு இடத்துக்குப் போனால் யார் தேடி வருவார்கள்? அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை விற்கச் சொன்னால் மனுஷர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். காது டாக்டரிடம் கூப்பிட்டாலோ, “என்னைக் கிழவனாக்கப் பார்க்கிறியா?” என்பார். இரண்டையும் செய்து பார்த்தவள்தான் அவள். ஆனாலும் வீட்டை விடுவதில்லை என்று முடிவுகட்டி, எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டாள்.

அவன் சுவர் பிளக்குக்கும் பெட்டியின் வயருக்கும் நடுவே, கரண்ட் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் கட்டை ஒன்றைச் செருகினான். பொத்தான் பாட்டில்களுக்கு நடுவே, பெட்டியைப் பார்த்தபடி, உள்ளங்கை அளவு டப்பா ஒன்றை ஒளித்து வைத்தான். பெட்டி ஓட ஆரம்பித்ததும் கட்டை டப்பாவுக்குத் தகவல் சொல்லும். டப்பா ரிமோட் வேலையைச் செய்து சத்தத்தைக் குறைக்கும். எவ்வளவு என்பதை அக்காவின் போன் முடிவு செய்யும்.

“மாமா காதுக்கு விஷயம் போனா என்னக்கா பண்ணுவீங்க?”

“அவர் காதுக்கா? நீ மாட்டுப்பா.”

அன்று மாலை டிரைவர் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வால்யூம் குமிழ் பூனை மாதிரி ஓசைப்படாமல் தானே திரும்பியது. எழுந்து கூட்டினார். உட்கார்ந்தார். குமிழ் மறுபடி இறங்கியது.

“பெட்டிக்கு வயசாயிடுச்சு” என்றார், பெருந்தன்மையோடு.

சத்தம் போதவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் பேச்சு வரும் என்று தெரியாதவரா? நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அக்கா போனில் ஒரு புள்ளி குறைத்தாள். நாற்காலி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பெருக்கும்போதெல்லாம் நாற்காலிக் கால் இருந்த இடத்தில் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவைத்தாள். கடைசியில் டிரைவர் ஸ்பீக்கர் வலையில் கன்னத்தை ஒட்டவைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மிஷினை நிறுத்தினாள். “எந்திரிச்சுக் கீழே பாருங்க. இது முதல் வாரம். இது அதுக்கப்புறம். அடுத்த வாரம் பெட்டிக்குள்ளேயே குடிபோயிடுவீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். “சத்தத்தைக் குறைச்சது நீயா?”

“நான்தான். மிஷின் ஓடுறப்பவும் எனக்குக் கேக்குது. உங்களுக்கு ஏன் கேக்கலை?”

தூரத்தைக் கண்ணாலேயே அளந்து சந்துகளில் பஸ்ஸைத் திருப்பியவர். மனைவியோடு வாதாடலாம், அந்தக் கோடுகளோடு முடியவில்லை.

“அந்த டாக்டர் சாயங்காலம் இருப்பாரா?” என்று மெல்லக் கேட்டார்.

காதுக்கருவி வந்தது. டம்ளர்கள் அடங்கின. வீட்டைக் காலி பண்ணும் பேச்சும் நின்றது. ஆனால் டிரைவருக்கு இப்போது எல்லாம் கேட்டது: மாடியில் நாற்காலி இழுபடுவது, குழாய் சொட்டுவது, வீட்டுக்காரர் மகளோடு போனில் மல்லுக்கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் படியேறிப் போய்ப் புகார் சொன்னார். ஆறு மாதம் பொறுத்த வீட்டுக்காரர், மகள் வீட்டோடு போய்விட்டார். மாடியை எலக்ட்ரிஷியன் வாடகைக்கு எடுத்தான். அவன் கட்டிக்கொண்டது அக்காவிடம் ஒரே சட்டையை நான்கு தடவை பிடித்துத் தைக்கக் கொண்டுவந்த பெண்ணை. டப்பா சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவன் வந்த நாட்களில்தான் அவளுக்குச் சட்டை தொளதொளத்ததாம்.