துளசித் தீர்த்தமும் ஒரு மாத்திரையும்

என் வீட்டுக்காரர் எத்திராஜுக்குப் பெருமாள் மேல் பக்தி அதிகம். பி.பி. அதைவிட அதிகம். ஸ்ரீராம்புரத்தில் தெருவிளக்கு ரிப்பேர் பார்க்கிறவர், ஏணி மேல் ஏறி நிற்கிற மனுஷன். அவருடைய அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்ப் படுக்கையில் கிடக்கிறார். இவருக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்கு எந்நேரமும் பயம்.

ஊறுகாயை விட்டார், அப்பளத்தை விட்டார். மாத்திரையும் சாப்பிடுவதாகத்தான் சொன்னார். பிரஷர் மட்டும் இறங்குவேனா என்றது. டாக்டர் சஹானாவுக்கும் பிடிபடவில்லை.

புரட்டாசி பிறந்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்று எப்போதோ யாரோ சொன்னதை இவர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை விரதம், ஏகாதசி விரதம், புரட்டாசி முழுக்கப் பழம் மட்டும். சாப்பாடு இல்லையா, மாத்திரையும் இல்லை!

நேராக இவரையும் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் போட்டுக்கொடுத்தேன்.

"இந்த மாத்திரைய வெறும் வயித்துலயே போடலாம். ஒருநாள்கூட விடாதீங்க. பிரஷர் ஏறியே இருந்தா மூளைக்குத்தான் ஆபத்து" என்றார் டாக்டர்.

"மருந்து உள்ள போனா விரதம் போச்சு" என்றார் இவர், வீட்டுக்கு வந்து. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அண்ணனைப் பார்த்தும் புத்தி வரவில்லையே!

மறுநாள் சனிக்கிழமை. குளித்து, விளக்கேற்றி, பெருமாள் படத்துக்கு முன்னால் துளசித் தீர்த்தம் வைத்தேன். பக்கத்திலேயே மாத்திரையை வைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டு இரண்டையும் அவரிடம் நீட்டினேன்.

"இன்னாடி இது?"

"பிரசாதம். வேணாம்னா பெருமாள்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

முறைத்தார். படத்தை ஒருதரம் பார்த்தார். பிரசாதத்தை மறுக்கிற தைரியம் அவருக்கு ஏது? தீர்த்தத்தோடு விழுங்கினார். அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் எங்கள் வீட்டில் இந்தப் பூஜைதான்.

தீபாவளிக்கு முன்னால் கிளினிக் போனோம். நர்ஸ் பிரஷர் பார்த்தாள். நம்பாமல் மறுபடியும் பார்த்தாள். "டாக்டர், நார்மல் இதெ!" என்று கன்னடத்தில் கத்தினாள்.

டாக்டர் எழுந்தே வந்துவிட்டார். "இப்படியே விடாம போடுங்க. அண்ணனுக்கு வந்தது உங்களுக்கு வர்ற வாய்ப்பு நல்லாவே குறையும்" என்றார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

இவர் கைகூப்பினார். "எல்லாம் பெருமாள் புண்ணியம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளினிக்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னேன்: "அந்தப் பெருமாளுக்கே விட்டுக்குடுக்காம உங்கள புடிச்சி வெச்சிருக்கேன் நான்!"