சீத்தா மரத்துக்கு ஓங்கிய அரிவாள்

மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் வாத்தியார். பூவின் அந்தரங்கமெல்லாம் எனக்கு அத்துப்படி என்று எனக்கு நானே சர்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டவன். என் வீட்டுக் கொல்லையில் நின்ற சீத்தா மரமோ ஆறு வருஷமாகப் பூத்துக் கொட்டியதே தவிர, ஒரு பிஞ்சுகூட வைக்கவில்லை.

தொண்ணூற்றாறு மே மாதம் வேலூரிலிருந்து அக்கா வந்தாள். மரத்தை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என் மனைவி நிருபமாவையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"காய்க்காததை வெச்சிக்கிட்டு என்னடா பண்றது? சிவா, நீ அரிவாளை ஓங்கி, வெட்டிடுவேன்னு மிரட்டு. நிருபமா, நீ குறுக்க வந்து 'விட்டுடுங்க, இந்த வருஷம் காய்ச்சிடும்'னு கெஞ்சு. மரம் பயந்துபோய்க் காய்க்கும்."

எம்.எஸ்ஸி. படித்தவன் சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நானோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். "ஏய்! காய்க்கலேன்னா வெட்டிடுவேன்!" என்று அரிவாளை ஓங்கிக் கத்தினேன். மரம் அசையவில்லை. நிருபமாவும் அசையவில்லை.

"சொல்லேம்மா" என்றாள் அக்கா.

நிருபமா மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். மூன்று டாக்டர்கள், கணக்கில்லாத ஊசிகள், ஒரு ஆபரேஷன், எல்லாம் அவளுக்குத்தான். மூன்று டாக்டர்களுமே எனக்கும் ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று சொல்லி, கடைசியாக வந்த சீட்டைப் பாடப்புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்தேன்.

ஓங்கிய கையை எப்படி இறக்குவதென்று தெரியவில்லை. வாத்தியாருக்குச் சங்கடம் வந்தால் பாடம் நடத்தத்தானே வரும்?

"அக்கா, மரத்தை மிரட்டி என்ன பிரயோஜனம்? சூலகத்துல ஒரு குறையும் இல்ல. மகரந்தத்துலதான் உயிரில்ல. போன வாரம் பசங்களை வெச்சு மைக்ராஸ்கோப்ல எண்ணிப் பார்த்தேன். சாயம் போட்டா உயிருள்ளது சிவக்கும்; நூத்துக்குப் பத்துகூடச் சிவக்கல. இது தெரியாம மரத்தைப் போய்..." என்று சொன்னவன் அப்படியே நின்றேன்.

நிருபமா என்னைப் பார்த்தாள்.

"பூவுக்கெல்லாம் எண்ணிப் பார்க்கறீங்க, இல்ல?"

ஐயோ! எட்டு வருஷப் பாவத்தை நானே கரும்பலகையில் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்போ அரிவாளை உள்ள வெச்சிடவா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை, புத்தகத்திலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி லேபுக்குப் போனேன். நிருபமாவும் கூட வந்தாள். கொடுக்க வேண்டியதைச் சின்ன டப்பாவில் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். "ஒழுங்கா எண்ணுங்கடா" என்று வருஷா வருஷம் பையன்களை அதட்டுகிற எனக்கு முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"பயமா இருக்கா?" என்றாள் நிருபமா.

"ஆமா."

அவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். "ஒவ்வொரு தடவையும் நான் இங்க தனியாத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.